மூன்று மணி நேரக் கொடி

ஜனவரி 7, ஞாயிறு

இன்று எனக்குப் பதவி கிடைத்தது. மார்ச்சில் நடக்கும் அரை மாரத்தானில் நான்தான் பேசர். முதுகில் கொடி கட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் ஓட வேண்டும்; என் பின்னால் வருகிறவர்கள் கொடியில் எழுதியிருக்கும் நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். கிட்டத்தட்ட படைத்தளபதி.

காற்றைக் கிழிக்கும் கூட்டத்துக்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். பயிற்சியாளர் கொடுத்தது மூன்று மணி நேரக் கொடி. இருப்பதிலேயே மெதுவானது. அதற்குப் பின்னால் வருவது, முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன் மட்டும்தான்.

"என்ன சார், என்னை ஆமைங்களுக்குத் தலைவனாக்கிட்டீங்க?"

"மெதுவா ஓடுறதுதான் கஷ்டம். உங்களால முடியுதான்னு பாப்போம்."

முடியுதாவா? நான் மெதுவாக ஓடி இந்த உலகம் பார்த்ததே இல்லை. (வேகமாக ஓடியும் பார்த்ததில்லை. அது வேறு விஷயம்.)

ஜனவரி 8, திங்கள்

வீட்டம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள், "நானும் உங்க கொடிக்குப் பின்னாடிதான் ஓடப்போறேன்."

போன வருடம் முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டது. அன்றைக்குப் பரண் மேல் போட்ட ஷூவை இப்போதுதான் இறக்கியிருக்கிறாள்.

"இந்தத் தடவையும் வேன்ல ஏத்தினாங்கன்னா இதை யாருக்காவது குடுத்துடுவேன். அப்புறம் ஓட்டம்ங்கிற பேச்சே இந்த வீட்டுல கிடையாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

முதல் பயிற்சி. விசில் ஊதியதும் கிளம்பினேன். கிளம்பினேன் என்பது அடக்கமான சொல். தெருநாய் ஒன்று துரத்தலாம் என்று எழுந்து, என் வேகத்தைப் பார்த்து, நமக்கெதற்கு என்று படுத்துவிட்டது. ஏரிக்கரைத் திருப்பத்தில் என் படையைத் திரும்பிப் பார்த்தேன். படை இல்லை. வெறும் சாலை.

அக்கா மகள் மட்டும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். பல் டாக்டர். அடுத்தவர் வாயைத் திறக்க வைத்தே பழகியவள். தன் வாயை மூடியதே இல்லை.

"மாமா, நீங்க எங்களுக்கு வழி காட்டுறீங்களா, இல்ல போலீஸ்கிட்டேர்ந்து தப்பிச்சு ஓடுறீங்களா?"

வெகு நேரம் கழித்து வீட்டம்மா வந்தாள். நடந்து. இடுப்பில் கை வைத்துக்கொண்டு. என்னைத் தாண்டி நேராக வீட்டைப் பார்த்து நடந்தாள். அதுதான் பயமாக இருந்தது.

ஜனவரி 21, ஞாயிறு

மறுபடியும் அதே லட்சணம். எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 25, வியாழன்

ஏன் முடியவில்லை? யாராவது முந்தினால் என் கால்கள் என்னைக் கேட்பதில்லை. இன்று முந்தியது, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒரு பெண். விடவில்லை. வண்டியிலிருந்து அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. ஏளனச் சிரிப்பு — எனக்குத் தெரியாதா?

இந்த லட்சணத்தில் நான் ஓடினால் வீட்டம்மாவை வேனில் ஏற்றுவது வேன்காரன் இல்லை. நான்தான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பயிற்சியாளரிடம் போய் அழாத குறையாகக் கேட்டேன். "ஓடும்போது மூச்சு வாங்காம பேச முடியணும் சார். முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்," என்றார்.

பேச்சா! இதை முதலிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

வெள்ளத்தில் போன பஸ்ஸை நான் ஒற்றைக் கையால் கரைக்கு இழுத்த கதையை ஓடிக்கொண்டே எடுத்துவிட்டேன். டிரைவர் என் காலில் விழுந்த இடம் வரும்போது மொத்தக் கூட்டமும் ஒரே கொத்தாக என் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"மாமா, போன தடவை சொன்னப்ப அது காராச்சே?"

"கார்தான். பஸ்ஸுக்குள்ள இருந்துச்சு."

முதுகுக்குப் பின்னால் வீட்டம்மா சிரிப்பது கேட்டது. போன மாதம் மூச்சு விடவே திணறியவள்!

பிப்ரவரி 18, ஞாயிறு

தூரம் கூடக் கூடப் புளுகு போதவில்லை. இன்று ஒரு மலையை நகர்த்தினேன். பத்தவில்லை. திரும்ப அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

மார்ச் 2, சனி

நாளை. வீட்டம்மா ஷூவை இரண்டு தடவை துடைத்துவிட்டாள். துடைக்க அதில் அழுக்கே இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பாதி தூரம் வரை பிரமாதம். பஸ்ஸைப் பாதி இழுத்திருந்தேன். அப்போது வாழைப்பழ வேஷம் போட்ட ஒருவன் எங்களை முந்தினான். வாழைப்பழம்! நானும் மனுஷன்தானே? பாய்ந்துவிட்டேன். வெகுதூரம் பாய்ந்தேன்.

பின்னாலிருந்து வீட்டம்மா கத்தினாள், "என்னங்க, பஸ் எங்க நிக்குது?"

பதில் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"பழத்தை விடுங்க! பஸ்ஸை எடுங்க!"

பழத்தை விட்டேன். நின்று அவர்களோடு சேர்ந்துகொண்டேன். ஆனால் அதற்குள் பலத்தையெல்லாம் பழத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. கடைசிப் பாலத்தில் கெண்டைக்கால் கல்லாக இறுகிக்கொண்டது. பேச்சும் நின்றது. கூட்டம் சிதற ஆரம்பித்தது.

அவள் என் முதுகிலிருந்து கொடியை அவிழ்த்துத் தன் முதுகில் கட்டிக்கொண்டாள். "எல்லாரும் வாங்க. மீதிக் கதையை நான் சொல்றேன். அந்த பஸ்ஸை ஓட்டினதே நான்தான்."

எல்லாரும் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் போய்விட்டார்கள்.

"ஏறுங்க சார்," என்றான் வேன்காரன். ஏறினேன். முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கொடி கொஞ்சமும் குலுங்காமல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. நேரம் மிச்சம் வைத்துக் கோட்டைத் தாண்டினார்கள். அழவில்லை, வேனில் தூசி.

மார்ச் 17, ஞாயிறு

அடுத்த போட்டிக்குக் கொடி அவளுக்குத்தான் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன், அவள் கூட்டத்தில்.

இன்று ஏரியைச் சுற்றி ஓடினோம். அவள் முன்னால், நான் பின்னால். கல்யாணத்தன்று மண்டபத்தின் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போக, தான் எட்டிப் பிடித்து நிறுத்திய கதையைச் சொல்லிக்கொண்டே போனாள். நானும் அங்கேதான் இருந்தேன், மாப்பிள்ளையாக. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சொல்லலாமென்று பார்த்தேன். மூச்சு வரவில்லை.