கிரில் கதவில் கோத்த ரப்பர் பட்டை

அக்கா,

இன்று காலை பீரோவைத் திறந்ததும் ரப்பர் வாசனை. புடவைகளுக்கு அடியில் அந்தப் பச்சைப் பட்டை சுருண்டு கிடந்தது. ஒட்டிக்கொள்ளாமலிருக்க நாம் தூவிய பவுடர் இன்னும் அதில் இருக்கிறது.

நாமக்கல்லில் குளியலறையில் விழுந்த உங்களை, உங்கள் மகன் அஸ்தம்பட்டியில் இருக்கும் இந்த மூன்றாம் மாடிக்குக் கூட்டிவந்தார். மறுபடி விழுந்துவிடுவீர்களோ என்ற பயம் அவருக்கு. வேலைக்குப் போகும்போது கிரில் கதவை வெளியே பூட்டிவிடுவார். எதிர்வீட்டிலிருந்து நான் முதலில் பார்த்தது கம்பியைப் பிடித்திருந்த உங்கள் விரல்களைத்தான்.

“பண்ணையில கோழிகளைக் கூண்டுல வெச்சு வளத்துனேன். இப்பப் பொழுதுக்கும் நானே கூண்டுல கெடக்கறேன், அம்மிணி” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு அப்போது கால் மரத்துப்போகும் தொந்தரவு. தசை கரைகிறது, ரத்தக்குழாயும் இறுகுகிறது, மெதுவாக இழுத்துப் பழகுங்கள் என்று டாக்டர் அந்தப் பட்டையை வாங்கச் சொல்லியிருந்தார். தனியாகச் செய்யச் சலிப்பாக இருந்தது. உங்கள் டாக்டரும் சரியென்ற பிறகு, பட்டையைக் கம்பியில் கோத்தோம். ஒரு முனை உள்ளே உங்களுக்கு, மறுமுனை வெளியே எனக்கு. எதிரெதிரே நாற்காலி போட்டு, முனையைக் காலில் மாட்டி இழுப்போம்.

“மூச்சைப் புடிக்காதீங்கக்கா, விட்டுக்கிட்டே இழுங்க.”

“ஆமா, மூச்சாச்சும் வெளிய போகட்டும்.”

மழைக்காலம் முடிவதற்குள் கை ஊன்றாமல் எழுந்து நின்றீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் முன்னாலேயே அப்படி எழுந்து, “எனக்கும் ஒரு சாவி குடு, சாமி” என்று கேட்டீர்கள்.

“விழுந்தா யாரும்மா பாக்கறது?”

“பூட்டுன ஊட்டுக்குள்ள விழுந்தா மட்டும் யாரு பாக்கறா?”

சாவி கைக்கு வரச் சில வாரங்கள் ஆயின. வந்த அன்றே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினீர்கள். ஏற்காடு ரோட்டுக் கடையில் நின்றபடியே டீ குடித்தீர்கள். ஊதி ஊதி, அவ்வளவு மெதுவாக. ஏன் அவசரப்படவில்லை என்று எனக்குத் தெரியும்.

தை பிறப்பதற்குள் நிமோனியா உங்களைக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு என்னைத் தனியே விட என் மகனுக்கும் பயம் வந்துவிட்டது. இன்று கிளம்பும்போது புதுப் பூட்டோடு நின்றான். “இனி வெளிய பூட்டிட்டுப் போறேம்மா” என்றான். சரி என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். வேண்டாம் என்று வந்தது. கோபித்துக்கொண்டு போயிருக்கிறான். சாயங்காலம் மறுபடி கேட்பான்.

பயம் எனக்கும் இருக்கிறது, அக்கா. ஆனால் தொடையில் பலமும் இருக்கிறது. அது நாம் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கியது.