பின்வரிசை

அன்பு மகளுக்கு,

உடற்கூறு வகுப்பில் ஒரே உடலைச் சுற்றி அத்தனை பேர் நிற்கிறீர்கள், பின்வரிசையில் நிற்கும் உனக்கு ஒன்றும் தெரிவதில்லை என்று போனில் அழுதாயே, அதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். இந்த வருஷம் சீட்டைக் கூட்டியதால்தான் உனக்கே இடம் கிடைத்தது. உடலை யார் கூட்டுவது?

என் காலத்துக்குப் பிறகு என் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் கல்லூரிக்கு இல்லை, பயப்படாதே.

அம்மாதான் ஆடிப்போய்விட்டாள். "பிள்ளைய டாக்டருக்குப் படிக்கக் குடுத்தது போதாதா, ஒங்களையும் குடுக்கணுமா? கொள்ளி வைக்காம எப்படி அனுப்ப?" என்று அழுதாள்.

"ஒன் கூடப்பொறந்த தம்பி செத்த அன்னைக்கு ஊர்ல ஒரு டாக்டர் இருந்திருந்தா பொழச்சிருப்பானே, ஏளா" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைக் கேட்டாள். சாட்சிக் கையெழுத்தும் அவள்தான் போட்டாள்.

இப்போதெல்லாம் சாகுபுரம் ஆலை ஆட்கள் ஷிப்ட் முடிந்து வருமுன்பே கடையைச் சாத்திவிடுகிறேன். வெயில் தாங்கவில்லை, வேறொன்றுமில்லை. பொங்கலுக்கு எனக்குச் சட்டை எடுக்காதே. பழைய அளவு இப்போது தொளதொளவென்று இருக்கும்.

வரும்போது ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டு வா. முதலில் என் நெஞ்சில் வைத்துக் கேள். இங்கே உன்னை மறைத்துக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா