தட்டிக்கு அந்தப் பக்கத்து இங்கிலீஷ்

பக்கத்து வீட்டுப் பெண் விடிந்ததிலிருந்து ஊட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். மாடிப்படியில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, 'தி கிளைமேட் வாஸ் வெரி கூல் அண்ட் பிளசன்ட்' என்று கத்துகிறாள். இங்கே பங்குனி வெயில் காலை எட்டு மணிக்கே மண்டையைப் பிளக்கிறது. அந்தக் கட்டுரை யாருடையது என்று உனக்குத் தெரியும். நான் எழுதிக்கொடுத்ததுதான். குற்றாலத்தைத் தாண்டி ஒரு மலையைக் கண்ணால் பார்க்காதவள், இத்தனை வருஷமாகச் சங்கரன்கோவில் பெண்பிள்ளைகளை எல்லாம் ஊட்டிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியும் கேட்கிறது. சரி, உன்னிடமாவது பேசலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் நீ பாளையங்கோட்டையிலிருந்து மாற்றலாகி நம் பள்ளிக்கு வந்தாய். பத்தாம் வகுப்பில் 'ஏ' பிரிவுக்கு நீ இங்கிலீஷ், 'பி' பிரிவுக்கு நான். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. அந்தப் பக்கம் நீ இருமினால் இந்தப் பக்கம் என் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். முதல் நாளே வகுப்பில் தமிழ் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டாய். 'ஐ ஆம் ஓப்பனிங் த டோர்' என்று கதவைத் திறப்பாய், மூடுவாய், நாற்காலியில் ஏறுவாய், இறங்குவாய். பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கும். என் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மனசெல்லாம் அங்கேதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏட்டி, இது பள்ளிக்கூடமா, சர்க்கஸ் கூடாரமா? உன்னால என் கிளாஸும் கெடுது" என்று சாப்பாட்டு நேரத்தில் சண்டைக்கு வருவேன். நீ உன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு மீனை என் சோற்றில் வைத்துவிட்டு, "தப்பாவாவது சொந்தமா ஒரு வாக்கியம் பேசட்டுமே" என்பாய். மீன் வந்துவிட்டால் எனக்குச் சண்டை போட வராது. அது உனக்கு நன்றாகத் தெரியும்.

உன் வகுப்பில் கோமதி என்று ஒருத்தி. அப்பாவுக்கு இரண்டு விசைத்தறி, அதுவும் வாடகைக் கொட்டகையில். ஆரம்பத்தில் வாயே திறக்காதவள் ஒருநாள் எழுந்து நின்று, "மை ஃபாதர் இஸ் ஷவுட்டிங் அட் த லூம், டீச்சர். பட் த லூம் இஸ் நாட் அஃப்ரெய்ட்" என்றாள். வகுப்பே சிரித்தது. தட்டிக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்துவிட்டேன். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது நீ அழுதாய். "ஏட்டி, இங்கிலீஷ்ல ஒரு ஜோக் அடிச்சிட்டா அவ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். ஒரு ஜோக்குக்கு இவ்வளவு அழுகையா என்று கேலி செய்தேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் பொறாமையாக இருந்தது. என் பிள்ளை ஒன்றுகூட என்னைச் சிரிக்க வைத்ததில்லை.

ரிசல்ட் வந்த அன்று பேப்பரில் கோமதியின் நம்பர் இல்லை. மற்ற எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க். இங்கிலீஷில் மட்டும் போய்விட்டது. உன் வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவள் அவள்தான் என்பதால் நீ நம்பவே இல்லை. மார்க் ஷீட் வாங்க வந்தவளை நிறுத்திக் கேட்டோம். மலைவாசஸ்தலத்துக்குப் போய்வந்ததைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள்.

"நான் எங்க டீச்சர் மலைக்குப் போனேன்? தெரிஞ்சத எழுதுங்கன்னு நீங்கதான சொன்னிய. அதான் எங்க தறியப் பத்தி எழுதுனேன். கடிதத்தையும் அப்படித்தான் எழுதுனேன்."

பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். திருத்தியவருக்கு என்ன தெரியும், பாவம். கேட்டது ஊட்டி, வந்தது தறி. என் பிரிவில் வாயைத் திறந்தால் ஒரு வார்த்தை இங்கிலீஷ் வராத பிள்ளைகள் எல்லாம் என் ஊட்டியை எழுதிப் பாஸ் ஆகியிருந்தார்கள். ஹெச்.எம். அம்மா என்னைப் பாராட்டிவிட்டு உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த உன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரமே கோமதி தார் சுற்ற உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. தறிக்கு வேண்டிய நூலை ராட்டையில் சுற்றிக்கொடுக்கிற வேலை. நாம் இரண்டு பேரும் அந்தக் கொட்டகைக்குப் போனோம். தறிச் சத்தத்தில் அவள் அப்பா பேசியது பாதிதான் காதில் விழுந்தது. பிறகு அவரே தறியை நிறுத்திவிட்டு வந்தார்.

"டீச்சரம்மா, ஒங்களக் கொற சொல்லல. என் மக வீட்ல இங்கிலீஷுதான் பேசுதா. ஆட்டுக்குட்டிகிட்டகூடப் பேசுதா. நாலு பேருகிட்டச் சொல்லிப் பெருமப்பட்டேன். இப்ப அந்த இங்கிலீஷுலயே தோத்துட்டு வந்து நிக்கா. என்ன கணக்குன்னு எனக்கு வெளங்கல. தைக்கு மாப்பிள்ள பாத்திருக்கு. விடுங்க."

நீ கையெடுத்துக் கும்பிட்டாய். செப்டம்பரில் மறுதேர்வு இருக்கிறது, அதுவரை மட்டும் பொறுங்கள் என்றாய். "சரி, அதுலயும் போச்சுன்னா என்னய ஒரு வார்த்த கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார். கோமதி தலையைத் தூக்கவே இல்லை. திரும்பி வரும்போது மாதாங்கோவில் தெரு முனையில் நீ நின்று, "உன் ஊட்டியக் குடு" என்றாய்.

ஜெயித்தவளுக்கு இருக்க வேண்டிய சந்தோஷம் எனக்கு வரவில்லை. கட்டுரை, கடிதம், சுருக்கம் எல்லாவற்றையும் கொடுத்தேன். தினமும் பள்ளி விட்டதும் நீ கொட்டகைக்குப் போனாய். சில நாள் நானும் வந்தேன். அவள் ராட்டை சுற்ற, நீ பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தாய். முதல் நாள் அவள் ராட்டையை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்களா இதச் சொல்லுதிய?"

"ஆமா. சொல்லு."

அவள் திரும்ப ராட்டையைச் சுற்றிக்கொண்டே அந்த வரியைச் சொன்னாள். செப்டம்பரில் எழுதிப் பாஸானாள். அவள் அப்பா பூந்திப் பொட்டலத்தோடு பள்ளிக்கே வந்து, வாசலில் நின்று, எல்லா டீச்சருக்கும் கொடுத்தார். கல்யாணப் பேச்சு நின்றது. அவள் டீச்சர் டிரெயினிங் போனாள். உன் கையால் ஒரு பெண்ணின் வாழ்க்கை திரும்பியது என்று ஊரே சொன்னது. நீ அந்தப் பூந்தியைத் தொடவில்லை.

அதோடு தட்டிக்கு அந்தப் பக்கமும் ஊட்டிதான். கதவு திறக்கிற சத்தம் இல்லை, சிரிப்பு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே பாட்டு. உன் வகுப்பில் ஒருத்திகூடத் தோற்கவில்லை. ஹெச்.எம். அம்மா உன்னை மேடையில் ஏற்றி மாலை போட்டார். எத்தனையோ தடவை கெஞ்சினேன்: "ஏட்டி, வாரத்துல ஒரு பீரியடாவது பழைய மாதிரி பேசேன்." ஒருமுறைதான் நீ பதில் சொன்னாய். "எனக்கு ஆசைன்னு அடுத்தவ பிள்ளையப் பலி குடுக்கச் சொல்லுதியா?" உனக்கு அந்த வகுப்பு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நீயே உன் கையால் அடக்கம் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்கு உன்மேல் கோபம், அந்தப் பரீட்சைமேல் கோபம். யார்மேல் கொண்டுபோய்க் கொட்டுவது?

போன வருஷம் வயிற்றில் கட்டி என்று உன்னை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி உன் ஊர் பாளையங்கோட்டைக்கு உடலாகத்தான் கொண்டுவந்தார்கள். அடக்கத்துக்குக் கோமதி வந்திருந்தாள். திருவேங்கடம் பக்கம் ஒரு பள்ளியில் வேலையாம். கைக்குழந்தையோடு பஸ் மாறி வந்திருந்தாள். உன் காலடியில் உட்கார்ந்து அப்படி அழுதாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர் மட்டும் அன்னைக்கு அந்த மனப்பாடத்த என் மண்டையில ஏத்தலேன்னா நான் எங்க இருந்திருப்பேன்? இங்கிலீஷ்னா என்னன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது. அதுக்கு முன்னாடி என்னமோ சிரிச்சு வெளையாடிக்கிட்டுக் கெடந்தோம். என் பிள்ளையள ஒரு வார்த்த சொந்தமா எழுத விடமாட்டேன் டீச்சர். அவங்க எனக்குச் செஞ்சத நான் அதுகளுக்குச் செய்யுதேன்."

அவளிடம் நான் என்ன சொல்வது? இல்லை மக்கா, நீ தூக்கிப்போட்ட அந்தச் சிரிப்பும் விளையாட்டும்தான் அவள், நீ வைத்துக்கொண்ட மனப்பாடம் அவள் இல்லை என்றா? அவ்வளவு நன்றியோடு நிற்கிற பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வேன். ஆமா மக்கா என்று தலையை ஆட்டிவிட்டு, பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அப்போது, நல்லவேளை, இதைக் கேட்க நீ இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. உன்னைப் புதைத்துவிட்டு வந்த வழியில், நீ இல்லாததற்கு ஒரு நிமிஷம் நான் நிம்மதிப்பட்டேன். அந்த ஒரு நிமிஷத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.