ஒரே ஊரில் இரண்டு திருமதி உல்வர்செட்

மார்ச் 5, திங்கள்

மழை. பல் மருத்துவமனையில் வர வேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வரவேற்பு மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஹவர்ட் ஃபோன் செய்தான். விவாகரத்துக்குப் பிறகு அவனாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஆகஸ்டில் பாலினைக் கல்யாணம் செய்துகொள்கிறானாம். வாழ்த்துச் சொன்னேன். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான்.

"உன் பழைய பேருக்கே மாறிக்கயேன், மேவிஸ். ஸ்கிப்டன் என்ன லண்டனா? ஒரே ஊருல ரெண்டு மிஸஸ் உல்வர்செட் இருந்தா நல்லாவா இருக்கும்?"

யோசிக்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 6

மேவிஸ் கிளெக். எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த யாரோ ஒருத்தியின் பெயர் போல இருந்தது.

மார்ச் 18, ஞாயிறு

ஹவர்டின் அக்கா எனிட் வந்திருந்தாள். உல்வர்செட் குடும்பச் சங்கத்தின் தலைவி. அந்தச் சங்கத்துக்காகக் கல்லறை கல்லறையாக அலைந்து பெயரின் வரலாற்றைத் தேடியது நான்தான். ஸ்வேல் பள்ளத்தாக்கில், வைக்கிங் காலத்தில் உல்ஃப் என்ற நார்ஸ்காரன் கோடையில் மாடு மேய்த்த பட்டி. பட்டியின் பெயர் அங்கே குடியிருந்தவர்களுக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு கிளை ஆரம்பத்திலேயே லங்காஸ்டர் போய்விட்டது. மற்றவர்களுக்கு ஈயச் சுரங்கம்தான் பிழைப்பு. அது படுத்ததும் சிலர் பர்ன்லி பஞ்சாலைகளுக்கு, சிலர் கப்பலேறி அயோவாவுக்கு.

"நீ செஞ்சதை யாரும் மறக்கல" என்றாள் எனிட். "ஆனா ஜூலைக் கூட்டத்துல எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டா நல்லது. இப்ப நீ குடும்பத்துல இல்லையே."

"லங்காஸ்டர் கிளைக்காரரோட டி.என்.ஏ. சோதனை மட்டும் பாக்கி. முடிச்சுட்டுத் தர்றேன்."

நிம்மதியாக இன்னொரு துண்டு இஞ்சி கேக் எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 10

எச்சிலை வைத்துச் செய்த டி.என்.ஏ. சோதனையின் முடிவு வந்தது. ஹவர்டும், அயோவாவில் பன்றி வளர்க்கும் லோவெலும் ஒரே தந்தைவழி. எதிர்பார்த்ததுதான். லங்காஸ்டர்காரர் மட்டும் இருவரோடும் ஒட்டவே இல்லை. எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. எந்தப் பக்கம்?

மே 4, வெள்ளி

விடுப்பு எடுத்துக்கொண்டு ஆவணக் காப்பகம் போனேன். 1738இல் கிறிஸ்டஃபர் உல்வர்செட் சுரங்கம் சரிந்து செத்துப்போகிறான். பிள்ளை இல்லை. மனைவி ஆக்னஸ், எந்த ஊர்க்காரி என்று தெரியவில்லை. 1741இல் அவளுக்கு ஒரு மகன், ஜேம்ஸ். தகப்பன் பெயர் இல்லை. பிள்ளைக்குச் செத்த புருஷனின் பெயரையே கொடுத்திருக்கிறாள். பர்ன்லி, அயோவா, ஹவர்ட், எனிட் — எல்லோரும் அந்த ஜேம்ஸின் வழி.

கல்யாணத்தில் வந்த பெயர்தான், அவளுக்கும்.

காரிலேயே சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

மே 5

இதை வைத்து ஹவர்டை எப்படி நோகடிக்கலாம் என்று பாத்திரம் கழுவும்போது வரிசையாகத் தோன்றியது. சீ. அந்தப் பொம்பளை எதுக்கு என் சண்டைக்குள்ள வரணும்? தனியாளா ஒரு பிள்ளைய வளத்திருக்கா, அதுவே போதாதா?

ஜூலை 14, சனி

தேவாலயக் கூடத்தில் கூட்டம். பன்றித்தொடை சாண்ட்விச், ஊறுகாய், ஆறிப்போன டீ. லோவெல் மனைவியோடு வந்திருந்தான். எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். கண்டதை அப்படியே சொன்னேன்.

லோவெல்தான் முதலில் பேசினான்.

"அப்போ நாங்கல்லாம் யாரு?"

"ஆக்னஸோட வம்சம்" என்றேன்.

"அது போதும்பா எனக்கு" என்று சிரித்தான். எனிட் சிரிக்கவில்லை. ஹவர்ட் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"இதைச் சொல்லத்தான் வந்தியா?"

"எனிட்தானே எல்லாத்தையும் ஒப்படைக்கச் சொன்னா."

"பேரை மாத்தச் சொன்னதுக்குப் பதிலடியா?"

"இல்ல. ஆனா பேரை மாத்தப் போறதில்ல."

ஆராய்ச்சிக் காகிதப் பெட்டிகளை எனிட்டின் காரில் ஏற்றினேன். நன்றி சொன்னாள், முகத்தைப் பார்க்காமல்.

ஆகஸ்ட் 18

அவர்கள் கல்யாணம். தோட்டத்தில் புல் வெட்டினேன்.

செப்டம்பர் 2

எனிட் பெட்டிகளோடு வந்து நின்றாள். "நானும் உக்காந்து பாத்தேன், தலையும் புரியல வாலும் புரியல. நீயே வச்சுக்க." போகிற போக்கில், "அந்த ஆக்னஸ் எந்த ஊருன்னு கண்டுபிடிக்க முடியுமா?" என்றாள்.

செப்டம்பர் 26, புதன்

கடைவாய்ப் பல் வலி என்று பாலின் வந்தாள். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பதிவு செய்யப் பெயர் கேட்டேன்.

"பாலின் ராத்மெல்."

"மாத்தலையா?"

"ஹவர்டுக்கு வருத்தம்தான். அம்பத்தாறு வயசுல புதுசா கையெழுத்துப் பழகச் சொன்னா எப்படி?" என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தாள். "உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு."

உட்காருங்கள், டாக்டர் கூப்பிடுவார் என்றேன். ராத்மெல். எழுத்துப்பிழை இல்லாமல் பதிந்தேன்.