பக்கத்து இருக்கையின் பாரம்

ஞாயிறு இரவு, லாங்கன்தால், சுவிஸ்.

இன்று முதலில் போய்ச் சேர்ந்தும் தோற்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

பழைய விமான ஓடுபாதையில் கால் மைல் பந்தயம். கம்பனி தந்தபடியே இருக்கும் கார்களுக்கு மட்டும். தன் கார் எத்தனை விநாடியில் ஓடும் என்று ஒவ்வொருவரும் முன்னரே எழுதிக் கொடுக்க வேண்டும். மெதுவான காரை முதலில் விடுவார்கள். எழுதியதை விட வேகமாக ஓடினால் தோல்வி. என் பழைய காரும் புதுக் கார்களோடு போட்டி போடலாம் என்பதால் எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

நண்பன் குகனுக்குப் பிடிக்காது. ஹெல்மெட்டோடு பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டே, "ரெண்டு பேரையும் ஒண்டா விட வேணும். முந்திப் போறவன்தான் வெண்டவன். இதென்ன சோதனையோ, கணக்குப் பாக்க?" என்பான். போன வருடம் பந்தயம் முடிந்து வரும்போது வாக்குவாதம் முற்றிவிட்டது. "அப்ப இனி என்ர காரில ஏறாதை," என்றேன். பிறகு அவன் ஏறவேயில்லை. வேலை கிடைத்து நொஷாட்டல் நகருக்குப் போனதைக்கூட வேறு ஆட்கள்தான் சொன்னார்கள்.

இன்று காலையில் மழை. ஓடிப் பார்க்க விடவில்லை. போன வருட நேரத்தையே எழுதிக் கொடுத்தேன். மத்தியானம் ஓடுபாதை காய்ந்ததும் பந்தயம். கார் பறந்தது. கோட்டைத் தாண்டியதும் நேரம் பார்க்கும் பெண் தலையை ஆட்டினாள். எழுதியதை விட வேகமாம்.

திரும்பி வரும்போதுதான் விளங்கியது. போன வருட நேரம் இரண்டு பேர் ஏறிய காரின் நேரம். குகன் நல்ல பாரமான ஆள்.

சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். போனைக் கையில் எடுத்தேன். சிரித்து முடித்துவிட்டு அவன் என்ன கேட்பான் என்றும் தெரியும்.

"இப்ப உன்ர பக்கத்தில ஆர் இருக்கிறது?"