கோணல் சக்கரம்

டீச்சர், இன்று வகுப்பறை முழுக்க மக்காச்சோளத் தட்டை வாசனை. காய்ந்த தட்டையை உரித்து, உள்ளே இருக்கும் தக்கையை முள்ளால் கோத்துப் பிள்ளைகள் வண்டி செய்வார்களே, அந்த வாசனை. உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும்.

மரபுக் கைவினைப் பொருளைக் குழந்தையே செய்து விளையாடுவதுபோல் போட்டிக்கு ஒரு நிமிட வீடியோ வேண்டுமாம், இன்று மாலைக்குள். நேற்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் அப்பா அம்மாக்கள் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் கடையில் வாங்கிய மரவண்டியைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இன்னொரு வீட்டில் ராத்திரி முழுக்க அப்பாவே உட்கார்ந்து, ஜரிகை ஒட்டி, ஒரு தேரையே கட்டிவிட்டார். அவர் மகனிடம், எந்நேரமும் போனைத்தான் நோண்டுகிறாயாமே, இதை வைத்து விளையாடினால் என்ன என்று கேட்டேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"போன்ல நானே வெளாடுவேன் டீச்சர். இத எங்கப்பால்ல செஞ்சாரு. தொட்டா திட்டுவாரு."

நைனார்பாளையம் பக்கத்துப் பள்ளியில் நாம் இருவரும் ஒரே வாரம் வேலைக்குச் சேர்ந்தோம். கைவேலை வகுப்பு வந்தால் நீங்கள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வீர்கள். ஒரு பிள்ளை பசையைத் தலையில் அப்பிக்கொண்டாலும் கையை எடுக்க மாட்டீர்கள். சுத்தச் சோம்பேறி என்று நினைத்திருக்கிறேன். நீங்களோ பஸ்ஸில் ஏறியதும் போனில் மிட்டாய் உடைக்கும் விளையாட்டைத் திறந்துவிடுவீர்கள். நான் எட்டிப் பார்த்து யோசனை சொன்னால் மட்டும் கோபம் வரும். "என் ஆட்டத்த நான் ஆடிக்கினு போறேன், வுடுங்க" என்பீர்கள்.

பிறகு திருக்கோவிலூர் கைவினைக் கண்காட்சி. நம் வகுப்பு ரம்யா செய்த தட்டை வண்டியில் ஒரு சக்கரம் பெரிது, ஒன்று சிறிது. போகிற வழியில் பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பையில் இருந்த மிச்சத் தட்டையில் புதுச் சக்கரம் வெட்டி மாட்டி, ஸ்கெட்ச் பேனாவால் வண்ணமும் அடித்தேன். முதல் பரிசு கிடைத்தது. பெயரைக் கூப்பிட்டபோது அவள் எழுந்திருக்கவே இல்லை.

"அது என் வண்டி இல்ல டீச்சர்" என்றாள். கோப்பையை நான்தான் போய் வாங்கி வந்தேன்.

திரும்பும்போது மணலூர்பேட்டை வரை நீங்கள் மிட்டாய் விளையாட்டைத் திறக்கவே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டீர்கள்: "புள்ள கையிலருந்து புடுங்கிட்டீங்களே டீச்சர். இன்னா கெடச்சிது உங்களுக்கு?"

பரிசு கிடைத்தது என்றேன், வெடுக்கென்று. அதற்குப் பிறகு நாம் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. உங்களுக்குக் கல்வராயன் மலைக்கு மாறுதல் வந்தது. போன் செய்ய வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் நோய் வந்து நீங்கள் போய்விட்டீர்கள். ஒருவர் தப்பை ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் தர வேண்டாமா? இப்படியா அவசரப்படுவது?

இன்று இருபத்தெட்டுப் பிள்ளைகளில் யாழினி ஒருத்திதான் தன் கையால் செய்துகொண்டு வந்தாள். அவள் வண்டியிலும் சக்கரம் கோணல். இழுத்தால் நேராகப் போகாமல் அவளையே சுற்றி வருகிறது. போனைத் தூக்கிப் பிடித்த ஹெச்.எம். முகம் சுளித்தார். சக்கரத்தைக் கொஞ்சம் சரிசெய்துவிட்டு எடுக்கலாமே என்றார். யாழினி சட்டென்று வண்டியை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

என் விரல்களுக்கு அந்தச் சக்கரம் நன்றாகத் தெரியும், டீச்சர். இரண்டு நிமிட வேலை.

"அது அவளோட வண்டி சார். அப்டியே எடுங்க" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தார். வண்டி சுற்றிச் சுற்றி வந்தது, அவளும் சிரித்துக்கொண்டே கூடச் சுற்றினாள். இது எங்கும் தேறாது என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். தேறாதுதான்.

நீங்கள் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, டீச்சர். அந்தக் கோப்பையை ரம்யா கடைசிவரை தொடவில்லை.

வீடியோ எடுத்து முடிக்கும்வரை என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. ஒன்றை ஒன்று இறுகப் பிடித்திருந்ததில் விரல்கள் இன்னும் வலிக்கின்றன.