பட்டுக்குத் தீட்டில்லை

அக்கா,

கரமனை ஆற்றுக்கு அக்கரையில் இரும்புக் கோபுரம் நட்டிருக்கிறார்கள். மலையிலிருந்து மின்சாரம் வரப்போகிறதாம். அதில் கம்பியைத் தாங்கப் பீங்கான் தட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துத் தொங்கவிட்டிருப்பதைக் காலையில் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் ஆகியும் ஆறவில்லை.

நம் தெருவுக்குக் கம்பி வந்த புதிதில் எல்லாரும் நடுங்கியபோது தைரியம் சொன்னவள் நீ. அத்திம்பேர் மின்சார ஆபீசில் சூப்பர்வைசர். அவர் விளக்குவது ஒருத்திக்கும் மண்டையில் ஏறாது. நீ ஒரே பேச்சில் முடித்தாய். "கரண்டும் தீட்டு மாதிரிதாண்டி. தொட்டாத்தான் ஒட்டும். தொட்டவாளத் தொட்டாலும் ஒட்டும். பட்டுக்கு மட்டும் தீட்டில்லை."

தெருவே சிரித்தது. காய்ந்த பட்டு கரண்டைக் கடத்தாது என்பது வாஸ்தவம்தான் என்று அத்திம்பேரும் சிரித்தார். ஆனால் அதெல்லாம் வீட்டுக் கம்பிக்கு. தெருக்கோடியில் போகிற பதினோராயிரம் வோல்ட்டுக்குப் பட்டும் ஒன்றுதான், பழந்துணியும் ஒன்றுதான் என்றார். அது யார் காதில் விழுந்தது?

மடி ஆசாரத்தில் உன்னை மிஞ்ச ஆளில்லை. பால்காரி செல்லம்மை ஒரு முழம் உயரத்திலிருந்து பாலை ஊற்ற வேண்டும். அவள் விரல் உன் செம்பில் பட்டுவிட்டால் அன்றைக்குப் பால் மாட்டுக்கே திரும்பிப் போகும். நான் உன்னைக் கேலி செய்வேன். நீ அசைய மாட்டாய்.

அந்த ஐப்பசிக் காலையில் மழை விட்டிருந்தது. காற்றில் ஒரு தென்னை சாய்ந்து, தெருக்கோடிக் கம்பியை அறுத்துத் தரையில் போட்டது. செல்லம்மையின் மாடு அதைத் தொடாமலே, பக்கத்தில் நடந்துபோகும்போதே சுருண்டு விழுந்தது. அவள் நின்ற இடத்திலேயே நின்று அலறினாள். நீ அடுக்களையிலிருந்து மடிசாரோடு ஓடிவந்தாய், கொடியில் கிடந்த இன்னொரு பட்டுப் புடவையைக் கையில் சுற்றிக்கொண்டே. நான் வாசற்படி தாண்டுவதற்குள் நீ பாதி வழியில் விழுந்துவிட்டாய். ஒரு பொறி இல்லை, சத்தம் இல்லை. தடுக்கி விழுந்தாய் என்றுதான் நினைத்தேன், அக்கா. எழுந்திருப்பாய் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு அத்திம்பேர் சுவரைப் பார்த்தபடி சொன்னார். கம்பி விழுந்த இடத்திலிருந்து கரண்டு ஈர மண்ணில் நாலாபக்கமும் பரவுமாம். கிட்டே கடுமை, தள்ளிப்போகப்போகக் குறைவு. எட்டி வைத்த இரண்டு காலுக்கும் நடுவே அந்த வித்தியாசம் இருக்கிறதே, அதுவே ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுமாம். மாட்டுக்கு முன்னங்காலும் பின்னங்காலும் அத்தனை தூரம். செல்லம்மை பயத்தில் காலை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றதால் பிழைத்தாள். நீ ஓடினாய்.

நான் நம்பவில்லை. நீ கம்பியைத் தொடவில்லை. மாட்டைத் தொடவில்லை. செல்லம்மை பக்கத்தில்கூடப் போய்ச் சேரவில்லை. தொடாமல் எப்படி என்று அத்திம்பேரிடம் சண்டை போட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

நீ போன பதினாறாம் நாள் செல்லம்மை வந்து வாசலுக்கு வெளியே நின்றாள். "அம்மா எனக்க நேரே ரெண்டு கையும் நீட்டிட்டுல்லா வந்தாவ" என்றாள். "என்னைப் பிடிச்சுக்கோ பிடிச்சுக்கோன்னு சொல்லிட்டே வந்தாவ."

இன்று கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்து என் பெண்ணுக்குச் சொன்னேன். கம்பி அறுந்து விழுந்தால் கிட்டே போகாதே. கிட்டே மாட்டிக்கொண்டால் காலைச் சேர்த்து வைத்துக்கொள், இரண்டு பாதமும் ஒட்டியபடியே இழுத்து இழுத்து நகர்ந்து வா. ஆபீசுக்கு ஆள் விடு. கரண்டை நிறுத்தும்வரை யாரிடமும் ஓடாதே.

"யாராவது அழுதுண்டு நின்னாலுமா அம்மா?" என்று கேட்டாள்.

நின்றாலும் ஓடாதே என்றேன். நீ செய்ததைச் செய்யாதே என்று நான் சொன்னது இந்த ஒரு தடவைதான், அக்கா. சொல்லிவிட்டு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.